வேகுமுன் திறந்த கரிக்குழி

நேற்று மாலை உங்களை எரித்தோம், கிராணியாரே. கட்டை என் டிப்போவிலிருந்துதான் போனது. நன்றாகக் காய்ந்த கித்தாக் கட்டை, ரப்பர் மரத்துக் கட்டை. பொடிக்கிளை ஒன்றுகூடச் சேர்க்காமல் அடிமரமாகப் பொறுக்கி, என் லாரியிலேயே கோலா கெத்தில் ஊரின் ஆற்றங்கரைச் சுடலைக்கு அனுப்பினேன். உங்கள் மருமகன் விலை கேட்டார். சொன்னேன். கொடுத்தார். வாங்கிப் பெட்டியில் போட்டேன். பக்கத்தில் நின்ற கோயில் கமிட்டிக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இவ்வளவு பெரிய மனிதருக்கு விறகைச் சும்மா கொடுத்தால் என்ன என்று அந்தப் பார்வை கேட்டது. சும்மா கொடுக்கிற அளவுக்கு நான் உங்களுக்குக் கடன்பட்டவனில்லை. அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மூன்றாவது ஆளுக்குத் தெரியாது.

தீ பிடித்ததும் அந்த வாசனை வந்தது. கித்தாக் கட்டை எவ்வளவு காய்ந்தாலும் உள்ளே கொஞ்சம் பால் தங்கியிருக்கும். சூடு ஏறும்போது புளித்த வாசனை ஒன்று கிளம்பும். ஆயுசு முழுக்கக் கட்டை விற்கிறவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நேற்று மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். துக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நேரம் பார்த்துக் கமிட்டிக்காரர் பேசிக்கொண்டிருந்தார். "ஜப்பான்காரன் காலத்துல சயாம் ரயிலு போடப் புடிச்ச ஆள, தன் உயிரக் கூட நெனைக்காம மீட்டுக் குடுத்த புண்ணியவான் இவரு!" சயாமுக்குப் போனவர்களில் எத்தனை பேர் முழு உடம்போடு திரும்பினார்கள் என்று இந்த வட்டாரத்துக்குத் தெரியும். கூட்டம் தலையாட்டியது. மீட்கப்பட்ட ஆள் என் அக்கா புருஷன் வீரய்யா. என் மச்சான். அவர் எப்படி அங்கே மாட்டினார் என்பதைக் கமிட்டிக்காரர் சொல்லவில்லை. தெரிந்தால்தானே சொல்வார். தெரிந்தவன் நான் ஒருத்தன். இத்தனை வருடம் சொல்ல முடியாமல் இருந்தேன். இனிமேல் முடியும். முதலில் உங்களிடமே சொல்லிவிடுகிறேன்.

ஜப்பான் சண்டைக்கு முன்னால் புக்கிட் செலம்பாவ் பக்கத்து நம் எஸ்டேட்டில் நீங்கள் ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி, நான் மரவைத்தியக் கும்பலில் இருந்தேன். பால் வெட்டுகிறவர்கள் எங்களைப் பார்த்தால் விடமாட்டார்கள். "என்னா டாக்டரு, இன்னிக்கி எத்தன பேருக்குக் கையெடுத்தீங்க, எத்தன பேருக்குக் காலெடுத்தீங்க?" என்பார்கள். காற்றில் முறிந்த கிளை, பூசணம் பிடித்த கிளை, வேர் அழுகிய மரம் எல்லாவற்றையும் அறுத்தெடுப்போம். அறுத்த வாயில் தார் பூசுவோம். அறுத்ததை அங்கேயே குவித்து அங்கேயே கொளுத்த வேண்டும். நோய்க்கட்டை நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போனால் போகிற வழியெல்லாம் பூசணம் பரவும் என்பது துரையின் உத்தரவு. அந்த உத்தரவோடு எனக்குச் சண்டை இல்லை. சரியான உத்தரவுதான்.

ஆனால் அக்கா சுமந்து வந்தது நோய்க்கட்டை இல்லை. காற்றில் ஒடிந்து விழுந்த பச்சைக் கிளை. மழைநாள், அடுப்புக்கு ஒரு சுள்ளி இல்லை. நீங்கள் சடக்குச் சாலையில் சைக்கிளை நிறுத்தி அவளைக் கீழே வைக்கச் சொன்னீர்கள். "கொளுத்தப்போற கட்டைதானே அய்யா. காட்டுல எரிஞ்சா என்னா, என் அடுப்புல எரிஞ்சா என்னா?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பு என்ன? நீங்கள் சொன்ன பதில், நாங்கள் எல்லோரும் ஆயிரம் தடவை கேட்ட பதில்: "எல்லாம் எஸ்டேட்டு சொத்து." அரைநாள் சம்பளம் வெட்டினீர்கள். அந்தக் கிளையை அவள் கையாலேயே திரும்பக் காட்டுக்குள் கொண்டுபோய்ப் போடச் செய்தீர்கள். பூசணம் பிடித்த குவியலோடு சேர்த்து அது எரிந்ததை நான் பார்த்தேன். கொளுத்தியவனே நான்தான்.

ஜப்பான்காரன் வந்தான். துரை காரில் ஏறிப் பினாங்குப் பக்கம் பறந்தார். மறுநாள் ஆபீசில், துரை நாற்காலியில் நீங்கள். தொப்பியும் துரையுடையது. உங்கள் தலைக்குப் பெரிதாக இருந்தது, காதில் வந்து உட்கார்ந்தது. கித்தாவை வாங்க ஆளில்லை. மரத்தைச் சாய்த்துவிட்டு மரவள்ளி நடச் சொன்னான் ஜப்பான்காரன். பெட்ரோலும் இல்லை. லாரிக்குப் பின்னால் பீப்பாய் மாதிரி ஓர் அடுப்பைக் கட்டி, அதில் கரியைப் போட்டு, அதிலிருந்து வரும் வாயுவில் ஓட்டினார்கள். நேற்றுவரை குப்பை என்று கொளுத்திய கிளைக்கும் வேருக்கும் திடீரென்று மரியாதை வந்துவிட்டது. ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் எல்லோரையும் நிற்கவைத்து நீங்கள் சொன்னீர்கள்: "இனிமே தோட்டத்துல ஒரு சுள்ளி சும்மா எரியக்கூடாது. எரிக்கிறவன் கைய எரிப்பேன்." அக்கா எனக்குப் பின்னால் நின்றுகொண்டு மெதுவாகச் சொன்னாள், "அன்னிக்கி எரிச்சது யாரு கையாம்?"

உங்களுக்கு மூளை இருந்தது. அதை மறுக்க மாட்டேன். கித்தாக் கட்டையை வெட்டிப் போட்டால் நாலு வாரத்தில் பூச்சி துளைத்து மாவாகும், நீலப் பூசணம் பாயும், விறகாக அடுக்கி வைத்தால் பாதி வீண். உடனே கரியாக்கினால் ஒன்றும் வீணில்லை. இதைக் கண்டுபிடித்து, சுங்கைப்பட்டாணியில் இருந்த ராணுவ லாரிக் கொட்டகைக்குக் கரி கொடுக்கும் பொறுப்பை வாங்கி வந்தவர் நீங்கள்தான். எங்கள் கும்பல் கரிக்கும்பல் ஆனது. கரியைத் தட்டிப் பார்த்துத் தரம் சொல்வதில் உங்களுக்கு யாரும் நிகரில்லை. ஆகவே தெரியாமல் நடந்தது என்று யாரும் உங்களுக்காகப் பேச முடியாது.

அந்தக் கும்பலில் சேர ஏன் அவ்வளவு போட்டி என்றால், அரிசிக்காக இல்லை, உயிருக்காக. ஜப்பான்காரன் சயாமுக்கு ஆள் கேட்டுக்கொண்டே இருந்தான். யாரை அனுப்புவது என்று நீங்கள் விரல் நீட்டினீர்கள். நீட்டிய விரலுக்கு நேரே நின்றவன் போனான். கரிக்கும்பலை மட்டும் ஜப்பான்காரன் தொடமாட்டான், லாரி ஓட வேண்டுமே. அக்கா கையில் பால்குடிப் பிள்ளை. அவள் அழுது அழுது மச்சானைப் பால் வெட்டை விட்டுக் கரிக்கு வரவைத்தாள். "கரியில கெடந்தா கறுத்துதான் போவாரு, சயாமுக்குப் போனா காணாமப் போவாரு" என்றாள். மச்சான் நல்ல பால்வெட்டுக்காரர். கை சுத்தம். முதல் வாரம் முகம் முழுக்கக் கரியோடு வந்து, "ஒன் தம்பிகூடச் சேந்து என் கலரே போச்சு" என்று அவளிடம் புலம்புவார். அவர் முன்னாலேயே நல்ல கறுப்பு.

கரிக்குழிக்கு எங்களுக்குள் ஒரு முறை வைத்திருந்தோம். யாரும் எழுதி வைத்ததில்லை. கட்டையை அடுக்கி, நெருப்பு வைத்து, இலையும் மண்ணும் போட்டுக் குழியை மூடியவன்தான் அதைத் திறக்க வேண்டும். வேறு யாரும் கை வைக்கக்கூடாது. புகை வெள்ளையாக வரும், மஞ்சளாகும், கடைசியில் நீலமாகி நின்றுபோகும். நின்ற பிறகும் ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே கட்டை பாதி வெந்து பழுப்பாகக் கிடக்கும், காற்றுப் பட்டதும் தீயும் பிடித்துக்கொள்ளும். திறந்தவனே மூட்டை பிடிப்பான். மூட்டை வாயைத் தன் அடையாளத்தோடு கட்டுவான். நான் கொடியால் கட்டுவேன். மச்சான் கித்தாத் தகட்டை நாடாவாகக் கிழித்து, இரண்டு முடிச்சுப் போடுவார். அவர் முடிச்சைப் பார்த்தால் உள்ளே கொட்டிப் பார்க்கவே வேண்டாம், அப்படிப்பட்ட கரி. கரி ஏற்ற வரும் ஜப்பான் சார்ஜன் ஒருமுறை அந்த நாடாவைச் சுண்டிப் பார்த்து "பாகுஸ்!" என்று மெச்சி மச்சானுக்கு ஒரு சிகரெட் கொடுத்தான். மச்சான் அதைப் பற்றவைக்கவில்லை. காதில் செருகிக்கொண்டு ஒரு வாரம் லயத்தைச் சுற்றி வந்தார்.

அந்தச் சமயத்தில் உங்கள் மகளுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. கொய்னா மருந்து எங்கும் இல்லை. சுங்கைப்பட்டாணியில் ஒரு சீனர் மறைத்து வைத்து விற்றார். ஜப்பான் நோட்டைத் தொடமாட்டார், சாமானுக்குச் சாமான். ஸ்டோரில் லாரிக்காக அடுக்கியிருந்த மச்சானுடைய நல்ல மூட்டைகளில் ஒரு வண்டிச் சுமையை அவருக்கு அனுப்பிவிட்டீர்கள். லாரி வரும்போது மூட்டை குறையக்கூடாதே. நானும் மச்சானும் மூன்றாம் டிவிசனில் சாய்ந்த மரங்களை அறுக்கப் போயிருந்த பகலில், அவர் புதிதாக மூடிய குழியை நீங்கள் திறந்தீர்கள். இன்னும் மஞ்சள் புகை விட்டுக்கொண்டிருந்த குழி. தண்ணீரை ஊற்றி அணைத்து, வேகாத கட்டையை அடியில் போட்டு, மேலே நாலு கூடை நல்ல கரியைத் தூவி, மூட்டை கட்டினீர்கள். நல்ல மூட்டைகளிலிருந்து அவிழ்த்து வைத்திருந்த மச்சான் நாடாவையே எடுத்துக் கட்டினீர்கள். இரண்டு முடிச்சு. இதெல்லாம் பிறகு உங்கள் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

அந்தக் கரியைப் போட்ட லாரி கோலா கெத்தில் போகும் சடக்கில் ஒரு மேட்டில் நின்றுவிட்டது. வேகாத கட்டை தாராக உருகி இஞ்சினுக்குள் போய் ஒட்டிக்கொண்டதாம். மறுநாள் காலைப் பெரட்டுக்கு சார்ஜன் வந்தான். அவனோடு வந்த இரண்டு சிப்பாய்கள் ஒரு மூட்டையை இறக்கி எங்கள் முன்னால் வைத்தார்கள். வாய் கட்டியபடியே இருந்தது. சார்ஜன் அந்த நாடாவைத் தொட்டுக் காட்டிக் கேட்டான்.

"இனி அராங் சியாப்பா புன்யா?"

யாருடைய கரி என்று கேட்கிறான். நீங்கள் பக்கத்தில் தொப்பியோடு நின்றீர்கள். மச்சான் இரண்டு முடிச்சைப் பார்த்தார். வேறு எதையும் பார்க்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தார். "சாயா புன்யா, துவான்!" என்னுடையதுதான் என்றார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. இன்னொரு சிகரெட்டுக்காக நின்றார் அந்த மனிதர்.

வேறு எந்த ஆளாக இருந்தாலும் முதலில் மூட்டையை அவிழ்த்துப் பார்த்திருப்பான். எங்கள் ஆள் முடிச்சைப் பார்த்தே 'என்னுது' என்பான். ஒருவன் கட்டிய முடிச்சில் இன்னொருவன் கை வைப்பான் என்று எங்களுக்குத் தோன்றவே தோன்றாது.

சார்ஜன் விட்ட முதல் அறையிலேயே மச்சான் உட்கார்ந்துவிட்டார். பிறகுதான் மூட்டையைக் கவிழ்த்தான். மேலே கரி, கீழே பழுப்புக் கட்டை, உருண்டு ஓடி உங்கள் சப்பாத்துக் காலுக்குக் கிட்டே வந்து நின்றது ஒன்று. "பகேரோ!" என்று திட்டிக் கத்தி, துப்பாக்கிக் கட்டையால் தோளில் இடித்தான். மச்சான் கட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார். "அய்யா, இது நான் கட்டுனது இல்லய்யா. அவருகிட்டச் சொல்லுங்கய்யா" என்றார். உங்களுக்குச் சார்ஜனோடு பேசத் தெரியும். ஒரு வார்த்தை போதும். நீங்கள் காலுக்குக் கீழே கிடந்த அந்தக் கட்டையைச் சப்பாத்தால் மெல்லத் தள்ளிவிட்டீர்கள். அவ்வளவுதான் நீங்கள் செய்தது.

மறுநாள் காலை சயாமுக்குப் போகிற லாரி வருவதாக இருந்தது. அதற்கான ஆட்களை, கித்தாத் தகடு உலர்த்தும் புகைக்கூட்டில் அடைத்து வைத்திருந்தார்கள். மச்சானையும் அங்கேயே தள்ளிப் பூட்டினார்கள். அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு புகைக்கூட்டுக் கதவுக்கும் ஆபீசுக்கும் ஓடினாள். ஆபீஸ் மூடியிருந்தது. நீங்கள் வீட்டுக்குப் போய்விட்டீர்கள்.

நான் குழிக்குப் போனேன். மூடியிருப்பதுபோல் மேலே மண்ணைத் தள்ளி வைத்திருந்தது. கையை வைத்தால் சூடில்லை, ஈரம். ஓரத்தில் நனைந்த சாம்பலில் சப்பாத்துத் தடம், இரண்டு மூன்று இடத்தில் ஆழமாக. எஸ்டேட்டில் மற்ற எல்லோருக்கும் வெறுங்கால். அங்கிருந்து நேராக உங்கள் வீட்டுப் படிக்கு வந்தேன். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே உங்கள் மகள் பாயில் சுருண்டு கிடந்தாள், அவள் அம்மா கசப்புத் தண்ணீரை வாயில் ஊற்ற, அவள் குமட்டினாள்.

"என்னா, இந்த நேரத்துல?" என்றீர்கள்.

"கரிக்குழியில சப்பாத்துத் தடம் இருக்குங்கய்யா."

"யாரு தடம்?"

"இந்தத் தோட்டத்துல எத்தன பேரு சப்பாத்து போடுறாங்க?"

நீங்கள் உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்தீர்கள். "புள்ள படுத்திருக்கு. மெதுவாப் பேசு" என்றீர்கள். பிறகு எல்லாவற்றையும் சொன்னீர்கள். கொய்னா, சீனர், வண்டி, குழி, நாடா. சொல்லும்போது உங்கள் குரலில் பயம் இருந்தது, வருத்தம் இல்லை. எனக்குக் கோபம்கூடக் குறைந்துவிட்டது, உண்மையாகச் சொல்கிறேன். பிள்ளை குமட்டுகிற சத்தம் அப்படி.

"புள்ளைக்குன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா நாங்களே குடுத்திருப்போமே அய்யா. ராவும் பகலும் நின்னு கூட ஒரு குழி போட்டிருப்போம். யாரு வேணாம்னு சொல்லுவா?"

"ஒங்கிட்ட நான் கேக்கணுமா?" என்றீர்கள்.

குறைந்த கோபம் அங்கேயே திரும்ப ஏறியது. இன்றுவரை இறங்கவில்லை. "சரி, கேக்க வேணாம். காலையில மச்சான் கெஞ்சுனாரே, அப்பவாச்சும் ஒரு வார்த்த?"

"சொன்னா என்னிய அடிப்பான்."

"அவர அடிக்கலாமா?"

"அவனுக்கென்னா, ஒடம்பு தாங்கும்."

மச்சான் அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் இருந்தார், கிராணியாரே. உடம்பு தாங்கத்தான் செய்தது. இடித்த தோள் மட்டும் மேலே தூக்க வரவில்லை. அந்தத் தோளோடு, தீபாவளிக்குத் தீபாவளி, முதல் தட்டைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்குத்தான் போவார். முறுக்கு, அதிரசம், ஒரு சேவல். நீங்கள் ஓய்வு பெற்று கோலா கெத்திலுக்கு வந்த பிறகும் பஸ் ஏறி வருவார். "கிராணியாரு குடுத்த உசுரு இது" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். நீங்கள் நாற்காலியில் இருந்தபடியே, "இருக்கட்டும் வீரய்யா, இருக்கட்டும்" என்று கையை அசைப்பீர்கள். அசைத்துக்கொண்டே அவர் தோளுக்கு மேலாக என்னைப் பார்ப்பீர்கள். ஒவ்வொரு வருடமும் பார்த்தீர்கள். நான் சுவரைப் பார்ப்பேன். வீட்டுக்குத் திரும்பினால் அக்கா கேட்பாள், "ஏன்டா அந்த மனுசன் கால்ல ஒரு நாளாவது நீ விழுந்தது உண்டா? நன்றி கெட்டவன்டா நீ." அந்தப் பேச்சையும் நான்தான் வாங்கிக்கொண்டேன். மச்சான் போன அன்று நீங்கள் மாலை கொண்டுவந்து போட்டீர்கள். அன்று போன கட்டைக்கு நான் யாரிடமும் விலை சொல்லவில்லை.

நேற்று உங்கள் மகள் என் கையைப் பிடித்தாள். பேரப்பிள்ளை எடுத்துவிட்டாள். "மாமா, அப்பாவப் பத்தி நீங்களும் ரெண்டு வார்த்த பேசுங்க மாமா. ஒங்களத்தான் அவருக்கு ரொம்ப நாளாத் தெரியும்" என்றாள். "எனக்குக் கட்டைக்கு வெல பேசத்தான்மா வரும், கூட்டத்துல பேச வராது" என்று ஒதுங்கிவிட்டேன். அவள் உயிரோடு இருப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் கொய்னாவுக்காக நீங்கள் அந்தக் கரியை விற்றதிலும் குறையில்லை, என் பிள்ளை என்றால் நான் ஸ்டோரையே விற்றிருப்பேன். அவளிடம் இதைச் சொல்வேனா என்று கேட்காதீர்கள். சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். அது இனிமேல் என் இஷ்டம்.

உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டவை உண்டு. இல்லை என்றால் பொய். கட்டிய மூட்டையை நான் வாங்குவதில்லை, யார் கொண்டுவந்தாலும் தரையில் கொட்டித்தான் வாங்குவேன். என் மகன் சங்கடப்படுவான். "அப்பா, இவ்ளோ வருசமாக் கரி போடுறவருப்பா, அவர் மூஞ்சி சுண்டிப் போச்சு லா" என்பான். சுண்டட்டும். கூலிம் வட்டாரத்தில் மரம் சாய்க்கிற காண்டிராக்ட் எங்கே இருந்தாலும் முதல் ஆளாகப் போய் நின்று கேட்பேன். சீனத் தவுக்கை முதலாளியிடம் கேட்டேன், மலாய்க் கம்பத்துத் தலைவர் பெங்ஹுலுவிடம் கேட்டேன், என்னிடம் கூலி வேலை செய்தவனிடமே ஒருமுறை லாரி இரவல் கேட்டேன். கேட்பதில் எனக்கு வெட்கம் கிடையாது. வாயைத் திறந்து கேட்க முடியாத ஒரு மனிதர் என்னவெல்லாம் செய்வார் என்பதை உங்கள் வீட்டுப் படியில் நின்று பார்த்தவன் நான். அந்தப் படியை விட்டு இறங்கியவன்தான் இந்த டிப்போவை வைத்திருக்கிறான். அதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல மாட்டேன்.

அன்று அந்தப் படியில் கடைசியாக நடந்ததையும் எழுதி முடித்துவிடுகிறேன். நான் ஒரு படி மேலே ஏறி நின்றேன். அதுவரை எந்தக் கூலியும் ஏறாத படி.

"தடத்துமேல தகரத்தக் கவுத்து வெச்சிட்டு வந்திருக்கேன். சார்ஜனக் கூட்டியாந்து காட்டட்டுமா?"

நீங்கள் தொப்பியைக் கழற்றினீர்கள். "என்னா வேணும், சொல்லு."

"மச்சான் இன்னிக்கே வீட்டுக்கு வரணும்."

"அந்த ஆளில்லாம கரி வேகாதுன்னு சொன்னா சார்ஜன் விடுவான். ஆனா சும்மா விடமாட்டான். கூடக் கரி கேப்பான்."

"குடுப்போம். ஆனா குழிக்கிட்ட நீங்க வரக்கூடாது. அறுத்த கெளை, சாஞ்ச மரம், தோண்டுன வேரு, மூணு டிவிசன்லயும் எதுவானாலும் என் கைக்குத்தான் வரணும். வேற ஆளுக்குப் போவக்கூடாது."

நீங்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தீர்கள். "மச்சான் உசுருக்குப் பேச வந்தியா, வெறகுக்குப் பேச வந்தியா?"

"ரெண்டுக்குந்தான்" என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். கை ஓங்கியிருக்கிற நேரத்தில் கேட்காதவனுக்கு அப்புறம் யார் தருவார்கள்?

"புகைக்கூட்டுல இருக்குற மத்தவங்க?" என்றும் கேட்டேன்.

"ஒனக்கு எத்தன மச்சான்?" என்றீர்கள். மறுநாள் காலை அவர்கள் போனார்கள்.

கடைசியாக உங்கள் பக்கத்துப் பேரம். கதவை இழுத்துச் சாத்திவிட்டு, மகளுக்குக் கேட்காத குரலில் சொன்னீர்கள். "நான் இருக்குற வரைக்கும் இது வெளிய போவக்கூடாது. வீரய்யாவுக்கும் தெரியக்கூடாது. நான்தான் காப்பாத்துனேன்னு ஊரு சொன்னா நீ இல்லன்னு சொல்லக்கூடாது."

அங்கேயே முடித்தோம். ஜப்பான்காரனுக்கு வாரம் இருபது மூட்டை போய்க்கொண்டிருந்தது, இனி முப்பது. மூன்று டிவிசனின் கழிவு மரமும் எனக்கு. குழி எனக்கும் மச்சானுக்கும். விளக்கு வைக்குமுன் மச்சான் அக்காவிடம். நீங்கள் கண் மூடும் வரைக்கும் என் வாய் உங்களுக்கு.